கொண்டு வருபவர் ஒரு சோனகர்



நம் ஊரில் "எம்.பி.ட லெட்டர் ஒண்டு கிடைச்சா வேல சரி" என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. வெள்ளைக் கடதாசி, மேலே அரச இலச்சினை, நடுவில் நான்கு வரி, கீழே ஒரு கையொப்பம். "இக்கடிதத்தைக் கொண்டு வருபவர் எனக்கு நன்கு அறிமுகமானவர்." அறிமுகமானவரா இல்லையா என்பது எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கடிதத்துக்காக அதிகாலை ஐந்து மணிக்கே வாசலில் வரிசையில் நின்ற வாப்பாமார்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்னர், ஐக்கிய அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளர் அப்படியொரு கடிதத்தை ஒரு முஸ்லிம் முதியவரின் கையில் கொடுத்தார். அந்த முதியவர் நாற்பது வருடங்கள் அடிமையாக இருந்தவர். குர்ஆன் ஓதத் தெரிந்தவர், அறபு எழுதத் தெரிந்தவர். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் வேலை தேடவில்லை. தன் பிள்ளைகளை விலை கொடுத்து வாங்கப் பணம் தேடினார்.

வரலாறு பாடத்தில் அமெரிக்கப் புரட்சி வரும் இடத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தப் பதிவு தொடங்குகிறது. "ஆபிரிக்காவில இருந்து புடிச்சிட்டுப் போன ஆக்கள்ல முஸ்லிம்கள் இருந்தாங்களா?" இருந்தார்கள் என்று அன்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு மணி அடித்ததும் வந்துவிட்டோம். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம். பெற்றோரும் வாசித்தால் நல்லது.

அவருடைய பெயர் அப்துர் ரஹ்மான் இப்றாஹீம். 1762இல் பிறந்தவர். மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய கினி நாட்டின் மலைப்பகுதியில், பூத்தா ஜல்லோன் என்ற இஸ்லாமிய ஆட்சி அப்போது இருந்தது. அதன் தலைநகரம் திம்போ. ஆட்சியாளரை 'அல்மாமி' என்பார்கள். நாம் சொல்லும் 'அல் இமாம்' என்ற சொல்தான் அந்த மக்களின் நாவில் அப்படி மாறியது. அல்மாமி இப்றாஹீமா ஸோரியின் மகன்தான் நம் அப்துர் ரஹ்மான். இனத்தால் புலானி. திம்போவில் ஓதத் தொடங்கி, ஜென்னே, திம்புக்து ஆகிய நகரங்களுக்குப் போய்க் கல்வி கற்றவர். திம்புக்து என்ற பெயரைக் கேட்டால் ஏட்டுப் பிரதிகள் நிறைந்த அந்தப் பழைய அறிவு நகரம் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும்.

1788ஆம் ஆண்டு, தனக்கு 26 வயதாக இருக்கும்போது, தந்தையின் படையில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கிப் போரிட்டுத் திரும்பும் வழியில் எதிரிகளிடம் பிடிபட்டார். பிடித்தவர்கள் வியாபாரிகளிடம் விற்றார்கள். வியாபாரிகள் கடற்கரையில் ஆங்கிலேயக் கப்பலுக்கு விற்றார்கள். அந்தக் கப்பலின் பெயரே 'ஆபிரிக்கா'. கரிபியனில் உள்ள டொமினிக்கா தீவு, பிறகு நியூ ஒர்லியன்ஸ், பிறகு மிசிசிப்பி ஆற்று வழியாக நாட்செஸ் என்ற ஊர். அந்தப் பகுதி அப்போது ஸ்பெயினின் கையில் இருந்தது. அங்கே தோமஸ் பொஸ்டர் என்ற விவசாயி அவரையும், அவரோடு பிடிபட்ட ஸம்பா என்ற இன்னொருவரையும் சேர்த்து விலைக்கு வாங்கினார்.

தான் யாருடைய மகன் என்பதை அப்துர் ரஹ்மான் பொஸ்டருக்குச் சொல்லிப் பார்த்தார். தன்னை விட்டால் தந்தை பொன் கொடுத்து மீட்பார் என்றார். பொஸ்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. கேலியாக அவருக்கு வைத்த பெயர் மட்டும் நிலைத்தது: 'பிரின்ஸ்', இளவரசன். ஒருமுறை காட்டுக்குள் தப்பி ஓடினார். ஓடிப் போய்ச் சேர ஓர் இடம் இல்லை. தானாகவே திரும்பி வந்தார். 1794இல் அதே தோட்டத்தில் அடிமையாக இருந்த இஸபெல்லாவை மணமுடித்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். ஒன்பது பேரும் பிறந்த அன்றே பொஸ்டரின் சொத்துக் கணக்கில் சேர்ந்தார்கள். அன்றைய சட்டத்தில் தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை.

1807இல் நடந்ததைக் கதையாகச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அது பதிவான வரலாறு. நாட்செஸுக்கு அருகில் உள்ள சந்தையொன்றில் அப்துர் ரஹ்மான் வற்றாளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். குதிரையில் வந்த ஒரு வெள்ளையர் அவரை உற்றுப் பார்த்து நிறுத்தினார். அவர் ஜோன் கொக்ஸ் என்ற அயர்லாந்து வைத்தியர். அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு கப்பலில் வைத்தியராக மேற்கு ஆபிரிக்காவுக்குப் போனவர். கரையிறங்கி வேட்டைக்குப் போன இடத்தில் வழிதவறி, கப்பலைத் தவறவிட்டு, நோயாளியாகத் திம்போவுக்குக் கொண்டு வரப்பட்டவர். அங்கே அவரைத் தன் வீட்டில் வைத்து ஆறு மாதம் பராமரித்து, காவலுக்கு ஆள் கொடுத்துக் கடற்கரை வரை பத்திரமாக அனுப்பி வைத்தவர் அல்மாமி ஸோரி. அந்த வீட்டில் பார்த்த இளவரசன் இப்போது மிசிசிப்பிச் சந்தையில் கிழங்குக் கூடையோடு நின்றார்.

கொக்ஸ் நன்றி மறக்கவில்லை. பொஸ்டரிடம் போய் 1000 டொலர் தருகிறேன், இவரை விடுங்கள் என்றார். பொஸ்டர் மறுத்தார். 1816இல் கொக்ஸ் மரணித்தார். அவருடைய மகன் முயன்றார். அதுவும் நடக்கவில்லை. ஒரு விருந்தாளிக்குத் திம்போவில் கிடைத்த உபசரிப்புக்கு நாட்செஸில் ஒரு சாட்சி கிடைத்தார். ஆனால் சாட்சியாலும் பணத்தாலும்கூட ஒரு மனிதனை மீட்க முடியவில்லை. இந்த இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அவர் யார் என்பது 1807 முதல் ஊருக்கே தெரியும். விடுதலை கிடைத்தது 1828இல். இடையில் 21 வருடங்கள்.

பிறகு கடிதங்களின் காலம் தொடங்கியது.

நாட்செஸில் அன்ட்ரூ மார்ஷோக் என்ற பத்திரிகையாசிரியர் இருந்தார். அப்துர் ரஹ்மானை நெடுநாள் அறிந்தவர். அவருடைய தூண்டுதலில் 1826இல் அப்துர் ரஹ்மான் அறபியில் ஒரு கடிதம் எழுதினார். அதில் இருந்தவை பெரும்பாலும் குர்ஆன் வசனங்கள். மார்ஷோக்குக்கு அறபு தெரியாது. ஆனால் அறபு எழுதுபவர் என்றால் மொரோக்கோவைச் சேர்ந்த 'மூர்' ஆகத்தான் இருப்பார் என்று நினைத்து, அப்படியே ஓர் உறைக் கடிதமும் எழுதி, செனட்டர் தோமஸ் ரீட் மூலம் வொஷிங்டனுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது மொரோக்கோவின் தஞ்சியர் நகரில் இருந்த அமெரிக்கக் கொன்சியூலரிடம் போனது. மொரோக்கோ சுல்தான் மௌலாய் அப்துர் ரஹ்மானின் பக்கத்திலிருந்து, அந்த மனிதரை விடுவிக்க வேண்டும் என்ற விருப்பம் தெரிவிக்கப்பட்டது.

இதில் அமெரிக்காவுக்கு ஒரு கணக்கு இருந்தது. மொரோக்கோவுக்கும் அமெரிக்காவுக்கும் 1786இல் ஏற்பட்ட நட்புறவு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. அக்கடற்கரையில் கப்பல் உடைந்து சிக்கிக்கொள்ளும் அமெரிக்க மாலுமிகளை மீட்க சுல்தானின் நல்லெண்ணம் தேவை. ஒரு முதிய அடிமையை விடுவித்து அந்த நல்லெண்ணத்தைப் பெறலாம் என்றால் அது இலாபமான காரியம். ஜனாதிபதி ஜோன் குயின்சி அடம்ஸ் சம்மதித்தார். இராஜாங்கச் செயலாளர் ஹென்றி கிளே காரியத்தைக் கையில் எடுத்தார்.

பொஸ்டரும் இம்முறை இணங்கினார், பணம் வாங்காமலே. ஆனால் ஒரு நிபந்தனை: இவர் அமெரிக்காவில் சுதந்திர மனிதராக வாழக்கூடாது, நேரே தன் நாட்டுக்குப் போக வேண்டும். இஸபெல்லாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அவருக்கு 200 டொலர் விலை. நாட்செஸ் மக்கள் சந்தா சேர்த்து அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தோட்டத்திலேயே இருந்தார்கள். 1828 ஏப்ரல் மாதம், 66 வயதான அப்துர் ரஹ்மானும் மனைவியும் நாட்செஸை விட்டுப் புறப்பட்டார்கள். தலைப்பாகையும் தளர்ந்த காற்சட்டையுமாக 'மூர்' உடையொன்று அவருக்காகத் தைக்கப்பட்டது. கடிதத்தில் எழுதியதற்கு ஏற்ற மாதிரி ஆளும் இருக்க வேண்டுமே.

மே மாதம் வெள்ளை மாளிகையில் அடம்ஸைச் சந்தித்தார். அடம்ஸ் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர். அன்றைய குறிப்பிலும் அவர் அப்துர் ரஹ்மானை மூர் என்றே எழுதி வைத்தார். மொரோக்கோவுக்கு அல்ல, லைபீரியாவுக்கே போக விரும்புவதாகவும், பின்னால் விட்டு வந்த பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விடுதலை வேண்டும் என்றும் அப்துர் ரஹ்மான் கேட்டார். பிள்ளைகளுக்காக அரசாங்கப் பணம் கிடைக்கவில்லை. அவர் வட மாநிலங்களுக்குப் போய் மக்களிடம் கேட்கலாம் என்றானது. அதற்காகத்தான் கிளே அந்தக் கடிதத்தைக் கொடுத்தார்.

இங்கே அக்காலத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை இல்லாத காலம். புகைப்படம்கூட மக்கள் கைக்கு வருவதற்கு இன்னும் பத்து வருடங்களுக்கு மேல் இருந்தது. புதிய ஊருக்குப் போகிறவர் நல்லவரா, ஏமாற்றுக்காரரா என்று யாருக்குத் தெரியும்? அதனால் பெயர் பெற்ற ஒருவரின் கையெழுத்தில் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போவார்கள். அது தபாலில் போகாது. பயணியே தன் சட்டைப் பையில் கொண்டு போவார். பெரும்பாலும் உறை ஒட்டாமல் கொடுப்பார்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கொண்டுபோகிறவரும் பார்க்கலாம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1774இல் இலண்டனில் எழுதிக் கொடுத்த அப்படியொரு கடிதத்தோடுதான் தோமஸ் பெயின் அமெரிக்காவுக்கு வந்தார். அதே பிராங்க்ளின் பின்னர் பாரிஸில் இருந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து கடிதம் கேட்டுத் தொல்லை கொடுத்ததால், தெரியாத ஆளுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு கேலிக் கடிதத்தின் மாதிரியை எழுதி வைத்தார். அதன் சாரம், இவரை எனக்குத் தெரியாது, இவரைப் பற்றி என்னைவிட இவருக்கே நன்றாகத் தெரியும் என்பதுதான். நம் எம்.பி.மாரும் அந்த மாதிரியைக் கைவசம் வைத்திருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

கறுப்பின மக்களுக்கோ இது மரியாதைக்கான கடதாசி அல்ல. விடுதலை பெற்ற கறுப்பின மனிதர்கூடத் தான் சுதந்திரமானவர் என்று காட்ட, பல மாநிலங்களில் பத்திரம் வைத்திருக்க வேண்டும். பத்திரம் இல்லாமல் பிடிபட்டால் மறுபடியும் அடிமைச் சந்தைதான். ஆகவே அப்துர் ரஹ்மானின் பையில் இருந்த கிளேயின் கடிதம் கதவைத் திறக்கும் திறப்பாகவும், உயிரைக் காக்கும் கவசமாகவும் இருந்தது.

கடிதம் நீளமானதல்ல. கொண்டு வருபவர் ஒரு மூர், நெடுங்காலம் அடிமைப்பட்டிருந்தவர், நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் நோக்கத்தோடு அரசாங்கம் அவரை எசமானிடமிருந்து பெற்றது. இதுதான் அதன் உள்ளடக்கம். கீழே அமெரிக்காவின் மிகப் பெரிய அரசியல்வாதிகளில் ஒருவரின் பெயர். கிளே சாதாரண ஆள் அல்ல. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்தவர். மூன்று தடவை ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றவர். எதிரெதிராக நின்றவர்களை ஒரு மேசைக்குக் கொண்டுவருவதில் வல்லவர் என்று பெயரெடுத்தவர்.

நம் மக்களே, அந்தக் கடிதத்தின் 'மூர்' என்ற சொல்லை நாம் சும்மா கடந்து போக முடியாது. நம் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்று இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் இருப்பது அதே மூர்தான். மொரோக்கோப் பக்கத்து முஸ்லிம்களுக்குப் போர்த்துக்கேயர் வைத்திருந்த பெயரை, 1505இல் இங்கே வந்து இறங்கியபோது நம் மூதாதையருக்கும் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதையே பதிவேட்டில் எழுதினார்கள். 1885இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனத்தைப் பற்றி ஆற்றிய உரையும், அதற்கு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பும், ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்று நமக்குக் காட்டின. சட்டசபையில் பிரதிநிதித்துவம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்தச் சொல்லோடு தொடர்புபட்டிருந்தது.

அப்துர் ரஹ்மானோ மொரோக்கோவைக் கண்ணால் கண்டதில்லை. அவர் புலானி. ஆனால் 'மூர்' என்று எழுதப்பட்டதால்தான் கோப்பு நகர்ந்தது. 'ஆபிரிக்க அடிமை' என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதம் நாட்செஸ் தபால் நிலையத்தைத் தாண்டியிருக்காது. மார்ஷோக் தன் கடிதங்களில் இவர் மற்றக் கறுப்பர்களைப் போன்றவர் அல்ல என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். அப்துர் ரஹ்மானும் அதை மறுக்கவில்லை. மறுத்தால் கதவு மூடிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நாற்பது வருடம் கழித்துத் திறந்த கதவு. அவரைக் குறை சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு விஷம் இருந்தது. இவர் இளவரசர், படித்தவர், மூர், அதனால் அடிமையாக இருக்கக்கூடாது என்றால், இளவரசர் அல்லாதவர்கள் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்? அவரோடு ஒரே நாளில், ஒரே பத்திரத்தில் விற்கப்பட்ட ஸம்பாவுக்கு அப்படியொரு கடிதத்தை யாரும் எழுதவில்லை.

1828இன் மீதிக் காலம் முழுவதும் அப்துர் ரஹ்மான் ஊர் ஊராக நடந்தார். பொஸ்டன், ஹார்ட்போர்ட், நியூயோர்க், பில்லடெல்பியா. கையில் கிளேயின் கடிதம், கூடவே ஒரு சந்தாப் புத்தகம். கடிதத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தில் பெயரும் தொகையும் எழுதிக் கொடுப்பார்கள். நம் பள்ளிவாசல் கட்டட நிதிக்கு ரிசீட் புத்தகம் கொண்டு போகும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள், காட்சி விளங்கும். பொஸ்டனில் கறுப்பின மக்கள் அவரை ஊர்வலமாக அழைத்துப் போய் விருந்து கொடுத்தார்கள். அந்த நிகழ்வில் முன்நின்றவர்களில் ஒருவர் டேவிட் வோக்கர். அடுத்த வருடமே அடிமை முறைக்கு எதிராக அமெரிக்காவை உலுக்கிய நூலை எழுதியவர் அவர். ஹார்ட்போர்ட்டில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்திய தோமஸ் கலோடெட் இவருக்காகக் கூட்டங்களில் பேசினார், துண்டுநூல் எழுதினார். ஓர் ஆசிரியர் அந்த வேலையைச் செய்தார் என்பதில் நமக்கு ஒரு சந்தோஷம்.

பணம் கொடுத்த பலர் அவரிடம் ஞாபகத்துக்கு அறபியில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கிறிஸ்தவர்கள் ஓதும் ஜெபத்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அறபு தெரிந்தவர்கள் வாசித்துப் பார்த்தபோது அதில் இருந்தது ஸூரத்துல் பாத்திஹா. நாற்பது வருடங்கள் பருத்தித் தோட்டத்தில் இருந்த கை. சிறு வயதில் ஓதியது அந்தக் கையை விட்டுப் போகவில்லை. ஹென்றி இன்மன் என்ற ஓவியர் அவரை வரைந்த படம் இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. படத்தின் அடியில் அவருடைய பெயர் அறபு எழுத்தில்.

இதற்கிடையில் தெற்கில் புகைச்சல் தொடங்கியது. நிபந்தனையை மீறி இவர் அமெரிக்காவில் சுதந்திரமாகச் சுற்றுகிறார் என்று பொஸ்டர் கோபப்பட்டார். அது தேர்தல் வருடம். அடம்ஸை எதிர்த்து அன்ட்ரூ ஜக்சன் போட்டியிட்டார். விடுதலைக்கு முதல் கடிதம் அனுப்பிய அதே மார்ஷோக் இப்போது எதிர்ப்பக்கம் நின்று, அடம்ஸும் கிளேயும் ஓர் அடிமையை ஊர்சுற்ற விட்டு வட மாநிலங்களில் வாக்குச் சேர்க்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினார். கிளேயின் கையொப்பம் கிளேக்கு எதிராகவே ஆயுதமானது. ஜக்சன் வென்றார். அரசாங்கத்தின் ஆதரவு போய்விடும், இனித் தங்கினால் ஆபத்து என்ற நிலை. பிள்ளைகளுக்குத் தேவையான பணத்தில் பாதியளவுதான் சேர்ந்திருந்தது.

1829 பெப்ரவரியில் அப்துர் ரஹ்மானும் இஸபெல்லாவும் வேர்ஜினியாவின் நோர்போக் துறைமுகத்தில் 'ஹரியட்' என்ற கப்பலில் ஏறினார்கள். பிள்ளைகள் இல்லாமல்.

அதே பெப்ரவரியில் வொஷிங்டனில் இன்னொரு சம்பவம் நடந்தது. பதவிக்காலம் முடிந்து கென்டக்கிக்குத் திரும்பத் தயாரான கிளேயின் மீது ஒரு பெண் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தார். பெயர் சார்லட் டுபூய். கிளேயின் வீட்டில் சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அடிமைப் பெண். தானும் தன் இரண்டு பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்று அறிவிக்கும்படி கேட்டார். கிளே எதிர்த்து வாதாடினார். 1830இல் தீர்ப்பு கிளேக்குச் சாதகமாக வந்தது. ஊர் திரும்ப மறுத்த சார்லட்டைச் சிறையில் வைத்தார்கள். அவருக்கு விடுதலை கிடைக்க 1840 ஆகியது.

ஆம், அப்துர் ரஹ்மானுக்கு அறிமுகக் கடிதம் எழுதிய கை ஓர் அடிமை உடைமையாளரின் கை. அடிமை முறை ஒரு தீமை என்று மேடையில் பேசியவர், தன் தோட்டத்தில் பல அடிமைகளை வைத்திருந்தார். விடுதலை பெற்ற கறுப்பர்களை ஆபிரிக்காவுக்கு அனுப்பும் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தூரத்து இளவரசருக்குக் கடிதம் எழுதுவது அவருக்கு இலேசாக இருந்தது. தன் குசினியில் நின்ற பெண்ணுக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது.

இதைச் சொல்வது கிளேயை ஏசுவதற்காக அல்ல. நாமும் அப்படித்தான் இருக்கிறோமா என்று பார்ப்பதற்காக. பலஸ்தீனுக்காகக் கண்ணீரோடு துஆ கேட்கிற நாம், நம் வீட்டில் வேலை செய்யும் மலையகத்துப் பிள்ளைக்குச் சம்பளத்தைச் சரியாகக் கொடுக்கிறோமா? இந்தக் கேள்வியை முதலில் நமக்கு நாமே கேட்டுக்கொண்ட பிறகுதான் இங்கே எழுதுகிறோம்.

கப்பல் மார்ச் மாதம் மொன்ரோவியாவை அடைந்தது. ஆபிரிக்கக் கரையில் கால் வைத்ததும் அவர் பகிரங்கமாகத் தன் மார்க்கத்துக்குத் திரும்பினார் என்று அக்காலத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம்மைக் கேட்டால், பாத்திஹா எழுதிக் கொடுத்தவர் எங்கே போயிருந்தார், திரும்பி வருவதற்கு? திம்போவுக்குப் போக மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. அதற்குள் காய்ச்சல் வந்தது. 1829 ஜூலை 6ஆம் திகதி, 67ஆவது வயதில், தன் ஊரைக் காணாமலே மரணித்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதே வருடம் தோமஸ் பொஸ்டரும் மரணித்தார். தோட்டத்தின் சொத்துகள் வாரிசுகளுக்குப் பங்கிடப்பட்டன. அப்துர் ரஹ்மானின் பிள்ளைகளும் அந்தப் பங்கில் அடக்கம். சேர்ந்த பணத்தில் இரண்டு ஆண்பிள்ளைகளும் அவர்களுடைய குடும்பங்களும் மீட்கப்பட்டு, 1830இல் மொன்ரோவியாவில் தாய் இஸபெல்லாவோடு சேர்ந்தார்கள். தந்தையைக் காணக் கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் மிசிசிப்பியிலேயே அடிமைகளாக இருந்தார்கள்.

ஆக, அந்தக் கடிதம் என்ன செய்தது? ஒரு முதியவரை ஊர் ஊராகப் பாதுகாப்பாகக் கொண்டு போனது. அந்நியர்களின் வாசலைத் திறந்தது. இரண்டு குடும்பங்களை மீட்கப் பணம் சேர உதவியது. இவை சின்ன விடயங்கள் அல்ல. மீட்கப்பட்ட பேரப்பிள்ளைகளுக்கு அது முழு வாழ்க்கை. ஆனால் அதே கடிதம், ஒரு மனிதனை மனிதன் என்று நம்புவதற்கு ஒரு பெரிய மனிதரின் கையொப்பம் தேவை என்ற ஒழுங்கை அசைக்கவில்லை. அந்த ஒழுங்குக்குள் நின்றுகொண்டே ஒருவரை மட்டும் வெளியே எடுத்தது.

ஆசிரியர்களாகிய நாமும் இப்படிக் கடதாசி எழுதுகிறவர்கள்தான். விடுகைப் பத்திரம், நற்சான்றிதழ், வங்கிக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று. எத்தனை தடவை பழைய பிரதியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி "இவரது நடத்தை திருப்திகரமானது" என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறோம்! அந்தப் பிள்ளை பதினொரு வருடம் நம் கண் முன்னால் வளர்ந்தது. வாப்பா இல்லாத வீட்டில் தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தது. அதைப் பற்றி ஒரு வரி எழுத நமக்கு நேரம் இருக்கவில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு எழுதும்போது மட்டும் பேனை நன்றாக ஓடியது. கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

நல்ல காரியத்துக்குப் பரிந்து பேசுகிறவருக்கு அதில் பங்கு உண்டு, கெட்டதற்குப் பரிந்து பேசுகிறவருக்கு அதிலும் பங்கு உண்டு என்பது ஸூரத்துன் நிஸா நமக்குத் தரும் பாடம். ஆகவே சிபாரிசுக் கடிதம் எழுதுவது தவறல்ல. எழுதுவோம். ஆனால் ஆளை அறிந்து எழுதுவோம். இளவரசர்களுக்கு மட்டும் எழுதாமல் ஸம்பாக்களுக்கும் எழுதுவோம். முதலில் நம் வீட்டில், நம் கடையில், நம் வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவர்களுக்கு எழுதுவோம்.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இதை வாசிக்குமோ தெரியாது. வாசித்தால், இதுதான் மகள் உங்கள் கேள்விக்குப் பதில். ஆம், இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுதிய பாத்திஹா இன்னும் இருக்கிறது. கடிதம் கிடைக்காதவர்களின் பெயர்கள் பலவும் இல்லை. இன்று இரவு தூங்கப் போகும் முன்னர், பெயர் தெரியாத அவர்களுக்காகவும் ஒரு பாத்திஹா ஓதிவிடுங்கள்.